மதுரைச் சமவெளியில் கறவை மாடுகளின் கோமாரி நோய்: பரவல், தடுப்பு, மருத்துவம்

ஆய்வுச் சுருக்கம்

கோமாரி எனப்படும் வாய்-குளம்பு நோய், கறவை மாடு வளர்ப்போருக்குப் பெரும் பொருளிழப்பை உண்டாக்கும் தொற்றுநோய்களுள் ஒன்று. ஆண்டுக்கு இருமுறை இலவசத் தடுப்பூசி போடப்பட்டும் இந்நோய் இடைவெளிவிட்டு மீண்டும் தலைகாட்டுகிறது. மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியையும் களமாகக் கொண்டு, நோய் பரவும் வழிகளையும், தடுப்பூசி பயன்தரும் நிலைகளையும் பயன்தராத நிலைகளையும், நோயுற்ற மாட்டுக்கான மருத்துவத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. தடுப்பூசியின் எண்ணிக்கையைவிட அது செலுத்தப்படும் காலமும், ஒரு வட்டாரத்து மாடுகள் அனைத்துக்கும் ஒருசேரச் செலுத்தப்படுவதும் முதன்மையானவை என்பதும், நடமாடும் கிடைகளும் கன்றுகளும் கணக்கிலிருந்து விடுபடுவதே இன்றைய குறை என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: கோமாரி, காணை, குளம்பழுகல், தடுப்பூசி, கிடைமாடு, மரபுவழிக் கால்நடை மருத்துவம், மதுரை

முன்னுரை

மதுரையின் பேருந்து நிலையம் அமைந்துள்ள இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று பெயர். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிற்றையும், அக்கயிற்றில் மாடுகள் நிற்கும் சந்தையையும் குறிக்கும் சொல். சித்திரைத் திருவிழாவையொட்டிக் கூடிய மாட்டுச்சந்தையின் நினைவை அப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. பல ஊர் மாடுகள் ஒரே கயிற்றில் நின்று, ஒரே தொட்டியில் நீர் அருந்தி, வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்து செல்லும் இடம் தாவணி. தொற்றுநோயின் நோக்கில் இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. கோமாரியின் வரலாறு பெரிதும் மாடுகளின் நடமாட்டத்தின் வரலாறே என்பதை இவ்வூர்ப்பெயரிலிருந்தே தொடங்கி விளக்கலாம்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும் 5 லட்சத்துக்குச் சற்று மிகுதியான எருமைகளும் உள்ளன. சமவெளி மாவட்டங்களின் கறவை மாடுகளுள் பெரும்பாலானவை ஜெர்சிக் கலப்பினத்தவை. மதுரையைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பகுதிகளில் ஒன்றிரண்டு கறவைகளை வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களே மிகுதி. தொழுவப் பணிகளில் பெரும்பகுதியைச் செய்வோர் பெண்கள். இத்தகைய குடும்பத்துக்குக் கோமாரி என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஆவின் நிறுவனம் பசும்பாலுக்கு 2022 நவம்பரில் நிர்ணயித்த கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு நோயுற்று 2 லிட்டருக்கு இறங்கினால், அவ்விலைப்படி நாளுக்கு 210 ரூபாயும் ஒரு மாதத்தில் 6300 ரூபாயும் குறையும். மாடு சாகாமலேயே நேரும் இழப்பு இது. கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் இறப்பையே கணக்கில் கொள்வதால் இவ்விழப்பு எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பெயரும் பொருளும்

கோமாரி என்ற பெயருடன் காணை, கால்காணை, வாய்க்காணை, கால்வாய் நோய் முதலிய பெயர்களும் தமிழில் வழங்குகின்றன. கால்நடை பராமரிப்புத் துறையின் வெளியீடுகளில் இன்று நிலைபெற்றிருப்பது கோமாரி என்பதே. கோ என்பது பசு. மாரி என்பது மழைக்கும் கொள்ளைநோய்க்கும் அதற்குரிய தெய்வத்துக்கும் பொதுவான பெயர். இச்சொல்லமைப்பு, கோமாரி என்பது முற்காலத்தில் மாடுகளின் கொள்ளைநோய் எதற்கும் உரிய பொதுப்பெயராகவும் இருந்திருக்க இடந்தருகிறது. மாட்டு வாகடச் சுவடிகளையோ பழைய ஊர்ப் பதிவுகளையோ ஆராய்வோர் கோமாரி என்ற சொல்லைக் கண்டவுடன் அதனை இன்றைய வாய்-குளம்பு நோயாகவே கொள்வது பிழைக்கு வழிவகுக்கும். வெக்கை, அடைப்பான், சப்பை, தொண்டை அடைப்பான் ஆகிய பெயர்களோடு சேர்த்து, அங்கே கூறப்படும் குறிகளை ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். வாயில் கொப்புளமும் குளம்பிடையில் புண்ணும் ஒருசேரக் கூறப்பட்டால் காணை என்று கொள்ளலாம். கழிச்சலும் பெருந்திரளான சாவும் கூறப்பட்டால் அது வெக்கையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

வெக்கை நோயை இங்கு நினைவுகூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தியா 2006இல் அந்நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே துறையும் அதே மருந்தகங்களும் அதே ஊசியும் இருக்க, கோமாரி மட்டும் ஏன் ஒழியவில்லை என்பது மாடு வளர்ப்போர் இயல்பாகக் கேட்கும் கேள்வி. விடை நோய்க்காரணியின் இயல்பில் இருக்கிறது.

நோய்க்காரணியும் அதன் வழிகளும்

மாட்டுநோய் ஒன்று, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளால் உண்டாவதை முதன்முதலில் காட்டியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த லோஃப்லர், ஃப்ராஷ் என்னும் இருவர். 1898இல் அவர்கள் வெளியிட்ட அம்முடிவு கோமாரியைப் பற்றியதே. விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என அறியப்பட்டவற்றுள் முதலாவது இது. பிக்கார்னா குடும்பத்தைச் சேர்ந்த இச்சிறு வைரசுக்கு ஓ, ஏ, சி, ஆசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3 என ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்றொரு வகையிடமிருந்து காப்பதில்லை. இந்தியாவில் இப்போது புழங்குபவை ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று. அவற்றுள் ஓ வகையே பெரும்பாலான நோய்ப்பரவல்களுக்குக் காரணம். வெக்கை நோய்க்கோ ஒரே வகைதான். ஒருமுறை பெற்ற எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிலைத்தது. நோயிலிருந்து தேறிய மாடு வைரசைச் சுமந்து திரியவும் இல்லை. கோமாரியில் இம்மூன்றும் தலைகீழ். தேறிய மாட்டின் தொண்டைப் பகுதியில் வைரஸ் மாதக்கணக்கிலும், சில மாடுகளில் மூன்று ஆண்டு வரையிலும் தங்கியிருப்பது உண்டு.

நோயுற்ற மாட்டின் உமிழ்நீர், கொப்புள நீர், மூச்சு, பால், சாணம், சிறுநீர் அனைத்திலும் வைரஸ் வெளிப்படுகிறது. குறிகள் தெரிவதற்கு முன்பே பாலிலும் மூச்சிலும் அது வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே வாயில் நுரை கண்ட பின் மாட்டைப் பிரித்துக் கட்டுவது தேவையானதே எனினும், அண்டை மாட்டுக்கு அது பெரும்பாலும் காலங்கடந்த காப்பு. மாடு நேரடியாக வராமலேயே நோய் வரும் வழிகளும் பல. கறவைக்காரர் வீடுவீடாகச் சென்று கறக்கும் ஊர்களில் அவருடைய கையும் ஆடையும் பால் வாளியும் வைரசைச் சுமக்கும். வைக்கோல் ஏற்றிய வண்டி, சினை ஊசி போட வருபவரின் காலணி, மாட்டு வணிகரின் தாம்புக்கயிறு ஆகியவையும் அவ்வாறே. மருத்துவரின் கையும் இதற்கு விலக்கன்று.

காற்றுவழிப் பரவலுக்கு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மதுரைச் சமவெளியின் கோடையில் இவ்வழி பெரிதும் அடைபட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்திருக்கும். அதே காலத்தில் சேறு படிந்த தொழுவத்தில் குளம்பின் தோல் ஊறி மெலிகிறது. 2013இல் கர்நாடகத்தைக் கடுமையாகத் தாக்கித் தமிழ்நாட்டிலும் பரவிய ஓ வகைக் கோமாரியும், 2021இன் இறுதி மாதங்களில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் காணப்பட்ட பரவலும் மழைக்காலத்தைத் தழுவியே அமைந்தன.

வைரசின் வலுவின்மை ஒன்று உண்டு. அதனைத் தொழுவத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். அமில காரக் குறியீடு 6க்குக் கீழ் இறங்கினாலும் 9க்கு மேல் ஏறினாலும் அது செயலிழக்கிறது. ஊர்களில் நோய் என்றதும் தெளிக்கப்படுவது பினாயில். கொழுப்புறை இல்லாத இவ்வைரசின்மீது பினாயிலின் ஆற்றல் குறைவு. சாணமும் மண்ணும் கலந்த தரையில் மேலும் குறைவு. மாறாக, மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சலவைச் சோடாவை லிட்டர் நீருக்கு 40 கிராம் வீதம் கரைத்துத் தரை, தீவனத் தொட்டியின் வெளிப்புறம், காலணி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றைக் கழுவுவது உறுதியான பயன் தரும். சாணத்தை முதலில் அள்ளிவிட்டுக் கழுவ வேண்டும். சாணத்தின்மேல் ஊற்றிய கரைசல் வீண். இக்கரைசலை மாட்டின் வாயிலோ புண்ணிலோ படவிடலாகாது.

குளம்பில் தோன்றும் பிற நோய்கள்

நொண்டும் மாடெல்லாம் கோமாரி மாடன்று. மழைக்காலத்தில் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும் மாட்டுக்குக் குளம்பழுகல் நோயாகவும் இருக்கலாம். பியூசோபாக்டீரியம் முதலிய பாக்டீரியாக்கள் குளம்பிடைத் தோலின் சிறு கீறல் வழியே புகுந்து இந்நோயை உண்டாக்குகின்றன. கோமாரியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கால்களும் வாயும் ஒருசேரத் தாக்கப்படும். காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி வரை ஏறும். கயிறுபோல் எச்சில் ஒழுகும். நாக்கை ஒருவகைச் சப்புக்கொட்டும் ஓசையுடன் மாடு அசைக்கும். இரண்டொரு நாளில் பக்கத்து மாடும் நொண்டும். குளம்பழுகலில் வாய் தூய்மையாக இருக்கும்; பெரும்பாலும் ஒரு காலே வீங்கும்; மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் எழும். இத்தாலியில் 1974இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட குளம்புத்தோல் அழற்சி என்னும் மூன்றாவது நோய், ஈரத்தரையில் பெருந்திரளாக மாடு கட்டும் பண்ணைகளுக்கு உரியது; குதிகாலை ஒட்டிச் செந்நிறப் புண்ணாக அது தோன்றும்.

இவ்வேறுபாடு மருத்துவத்தில் பெரும் பொருளுடையது. குளம்பழுகலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நேரடியாகப் பயன்படும். கோமாரி வைரசை அம்மருந்து தொடுவதேயில்லை. 5 விழுக்காடு மயில்துத்தக் கரைசலில் குளம்பு நனையுமாறு மாடுகளை நடத்துவது முதலாவதையும் மூன்றாவதையும் கட்டுப்படுத்தும், கோமாரியைத் தடுக்காது. மயில்துத்தக் குளியல் செய்துவிட்டோம், ஊசி வேண்டாம் என்று சொல்லும் பண்ணையாளர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவரே.

தடுப்பூசியின் கணக்கு

இந்தியாவில் செலுத்தப்படுவது ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று வகைகளையும் செயலிழக்கச் செய்து எண்ணெய்க் கலவையில் அமைத்த ஊசி. 2019இல் ஒன்றிய அரசு 13,343 கோடி ரூபாய் மதிப்பில் கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகிய இரண்டுக்குமான தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025க்குள் கட்டுப்படுத்துவதும் 2030க்குள் ஒழிப்பதும் அதன் இலக்குகளாக அறிவிக்கப்பட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி, காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு, அவ்வெண்ணின் கீழ்க் கணினிப் பதிவு ஆகியவை அதன் நடைமுறை.

ஊசி செலுத்திய மூன்று நான்கு வாரங்களில் எதிர்ப்பாற்றல் உச்சத்தை எட்டும். பின் படிப்படியாக இறங்கும். ஆறு மாதம் என்பது பலமுறை ஊசி பெற்ற மாட்டுக்குரிய கணக்கு. முதன்முறையாக ஊசி பெறும் கன்றில் அது இன்னும் விரைவாக இறங்குவதால்தான் நான்காம் மாதத்தில் முதல் ஊசியும் ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் போட வேண்டும் என்று வகுத்துள்ளனர். முகாம் நடைபெறும் நாளில் மூன்று மாதக் கன்றாக இருப்பதற்கு ஊசி இல்லை. அடுத்த முகாமில் அது ஒன்பது மாதக் கன்று. ஊக்க ஊசிக்கென்று தனி முகாம் நடைபெறாத ஊரில் அதற்கு அடுத்த ஊசி பதினைந்தாம் மாதத்தில். முகாம் முறையின் நாள்காட்டிக்கும் கன்றின் பிறப்பு நாளுக்கும் தொடர்பில்லாமையே இக்குறையின் வேர்.

பருவமழைக்கு முன் எதிர்ப்பாற்றல் உச்சத்தில் இருக்க வேண்டுமெனில் மதுரைப் பகுதியில் ஆகஸ்டு முடிவதற்குள் ஊசிச் சுற்று நிறைவுற்றிருக்க வேண்டும். நவம்பரில் போடப்படும் ஊசி கணக்கேட்டில் அதே மதிப்பெண்ணைப் பெறும். மாட்டின் உடலில் பெறாது. நோய் புகுந்த ஊரில் நோயுற்ற தொழுவத்துக்கும் நலமுள்ள தொழுவத்துக்கும் அடுத்தடுத்துச் சென்று ஊசி போடுவது ஊசியோடு நோயையும் கொண்டுசெல்லும். அப்போது செய்ய வேண்டியது, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தொடங்கி உள்நோக்கி வரும் வளையத் தடுப்பூசி.

ஓர் ஊரில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாடுகள் எதிர்ப்பாற்றலோடு இருந்தால் நோய் தொடர்ந்து பரவ வழியின்றி அடங்கும். இந்த 80 என்பது ஊசி போடப்பட்ட மாடுகளின் எண்ணிக்கையன்று; ஊசி பலித்த மாடுகளின் எண்ணிக்கை. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, வெயிலில் சூடேறவும் கூடாது. தெர்மாகோல் பெட்டியிலுள்ள பனிக்கட்டி நண்பகலுக்குள் உருகிவிடும் சித்திரை வெயிலில், இருசக்கர வண்டியில் நான்கு சிற்றூர்களைச் சுற்றும் கால்நடை ஆய்வாளரின் கையில்தான் பல கோடித் திட்டத்தின் வெற்றி இறுதியில் இருக்கிறது.

ஊசி போட்டால் பால் குறையும், சினை கலையும் என்ற அச்சம் பரவலானது. இரண்டொரு நாள் காய்ச்சலும் பால் குறைவும் நேர்வது உண்மை; அதனை மறுத்துப் பேசுவதைவிட ஒப்புக்கொண்டு விளக்குவதே நம்பிக்கையை வளர்க்கும். நிறைசினை மாடுகளுக்கு ஊசியைத் தவிர்ப்பது நடைமுறை. அம்மருந்து சினையைக் கலைக்கும் என்பது அதற்குக் காரணமன்று. மாட்டைப் பிடித்துக் கட்டும்போது நேரும் அலைக்கழிப்பே காரணம். அவ்வாறு விடப்பட்ட மாடு கன்றீன்ற பின் யாரேனும் வந்து ஊசி போட்டார்களா என்பது தனிக்கேள்வி.

கிடைமாடும் வாடிவாசலும்

மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் நாட்டினமான புலிக்குளம் மாடுகளுள் பெரும்பகுதி கிடைமாடுகளாகவே வளர்க்கப்பட்டு வந்துள்ளன. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மாடுகளை அடைத்து, சாணமும் சிறுநீரும் வயலுக்கு எருவாக, அதற்குரிய கூலியைப் பெறுவது கிடை போடும் முறை. கிடைக்கு நிலையான ஊர் இல்லை, தொழுவம் இல்லை, முகாம் நாளில் அது எந்த வருவாய்க் கிராமத்தின் எல்லையில் நிற்கும் என்பதை முன்கூட்டிக் கூற இயலாது. ஊர்வாரியாகக் கணக்கெடுக்கும் தடுப்பூசித் திட்டத்தின் கண்ணிலிருந்து இத்தகைய மந்தை நழுவுவது இயல்பே. நாட்டு மாடுகளில் கோமாரியின் குறிகள் மென்மையாகவே தோன்றும். சிறிது நொண்டி, இரண்டு நாள் மேயாமல் நின்று, தேறிவிடும். அதே வைரஸ் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள கலப்பினப் பசுவை அடையும்போது மடியையும் குளம்பையும் சிதைக்கிறது. இதனைக் கொண்டு கிடைக்காரர்களே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று குற்றஞ்சாட்டும் போக்கு ஊர்களில் உண்டு. மந்தையின் வழித்தடத்தை அறிந்து, அது புறப்படுமுன் அதற்கு ஊசி போடாமல் விட்ட ஏற்பாட்டின் குறையையே அங்குச் சுட்ட வேண்டும். கிடைகளின் நடமாட்டம் பருவத்தை ஒட்டியது. கிடைக்காரர்களைக் கேட்டால் வழியைச் சொல்லக்கூடியவர்களே.

தைத் திங்களின் முதல் மூன்று நாள்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் நிகழும் ஏறுதழுவுதலுக்குப் பல மாவட்டங்களிலிருந்து காளைகள் வருகின்றன. கால்நடை மருத்துவர்கள் ஆய்ந்து தகுதிச் சான்று அளித்த பின்னரே காளைகள் வாடிவாசலை அடைகின்றன. அவ்வாய்வு நோய்க்குறி தெரியும் காளையைத் தடுக்கும். நோய் உள்ளடங்கிய காலமான 2 முதல் 14 நாள்களுக்குள் இருக்கும் காளையைத் தடுக்க இயலாது. காளை பெரும்பாலும் கறவை மாடு நிற்கும் அதே வீட்டில் வளர்வதால், திரும்பி வந்ததும் இரு வாரம் தனித்துக் கட்டுவது அவ்வீட்டுப் பசுவுக்கான காப்பு.

2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் நோயை அறிவிப்பதை மாட்டுக்குரியவரின் கடமையாக்குகிறது; கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவிக்கவும் சந்தையை நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. நோயை அறிவித்தால் பால் வாங்கப்படாது, மாடு விற்க முடியாது. அறிவிக்காவிட்டால் இரண்டும் நடக்கும். பால் இழப்புக்கு ஈடு கிடைக்காத நிலையில் நோயை மறைப்பவரைப் பழிப்பது எளிது. அவருடைய இடத்தில் நின்று வேறொன்றைச் செய்வது கடினம். பிரித்தானியாவில் 2001இல் கோமாரியை அடக்க அறுபது லட்சத்துக்கும் மிகுதியான கால்நடைகள் கொல்லப்பட்டன. அங்கும் ஈட்டுத்தொகை அளித்தே அது செய்யப்பட்டது.

நோயுற்ற மாட்டின் மருத்துவம்

வைரசை நேரடியாக அழிக்கும் மருந்து வழக்கில் இல்லை. மருத்துவம் என்பது புண்ணில் பிற கிருமிகள் புகாமல் காத்து, மாட்டைத் தின்ன வைத்து, தானே தேறும் வரை தாங்குவது. வாய்ப்புண்ணை 1000க்கு 1 என்ற அளவிலான பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலால் நாள்தோறும் இருமுறை கழுவி, கிளிசரினில் குழைத்த போரிக் பொடியைத் தடவுவது மருந்தக வழக்கம். குளம்பை அதே கரைசலால் கழுவிச் சேறின்றித் துடைத்து, உலர்ந்த தரையில் கட்ட வேண்டும். ஈ மொய்க்கும் புண்ணில் புழு வைத்தால் மண்ணெண்ணெயையோ பயிர்ப் பூச்சிமருந்தையோ ஊற்றுவது புண்ணை ஆழமாக்கும். பின்னது மாட்டையே கொல்லவும் கூடும். வைக்கோலை மெல்ல முடியாத மாட்டுக்குக் கேழ்வரகு அல்லது அரிசிக் கஞ்சி, இளம்புல், ஊறவைத்த தவிடு ஆகியவை தேவை. மருத்துவச் செலவில் கஞ்சியின் பங்கு சிறியது, பலனில் பெரியது.

நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, புண் சீழ்ப்பிடித்தாலோ மடிவீக்கம் வந்தாலோ மருத்துவர் முடிவுசெய்து போட வேண்டியது. போட்ட மாட்டின் பாலை மருந்துக்குரிய விலக்கு நாள்கள் முடியும் வரை விற்கலாகாது. இது மிகுதியாக மீறப்படும் விதி. வலிக்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகம் உகந்தது. டைக்ளோபினாக் மாடுகளுக்கு 2006 முதலும், கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவை 2023 முதலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளன. அவை செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்னும் கழுகுகள் மடிவதே காரணம்.

நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்தால் மனிதருக்குத் தீங்கில்லை. மனிதரை இந்நோய் தொற்றுவது மிக மிக அரிது. ஆயினும் அப்பாலை நலமுள்ள மாட்டின் பாலோடு கலப்பதும், கறந்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடுவதும் நோயை ஊர்முழுதும் சேர்க்கும். நோயுற்றதைக் கடைசியாகக் கறப்பது என்ற ஒரே ஒழுங்கு பல மருந்துகளுக்கு ஈடானது. ஊருக்கு மருத்துவர் வர இயலாத நிலையில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மரபு மருத்துவத்தின் இடம்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திய மூலிகை முறைகள் தேசியப் பால்வள வாரியத்தாலும் பரப்பப்பட்டு வருகின்றன. வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை வகைக்கு 10 கிராம் எடுத்து அரைமணி ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலோடு பிசைந்து நாக்கிலும் அண்ணத்திலும் தடவி உண்ணத் தருவர். நாளுக்கு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள் வரை, ஒவ்வொரு முறையும் புதிதாக அரைத்து. குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேம்பு, துளசி, மருதாணி இலைகள் வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துப் பூசுவர். புழு இருந்தால் முதல் நாள் சீத்தா இலை விழுதோ கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயோ.

இம்முறைகளின் பொருள்களைப் பார்த்தால் அவற்றின் நோக்கம் தெளிவாகும். தேங்காயும் வெல்லமும் தின்னாத மாட்டுக்கு உடனடி உணவு; எண்ணெய், புண்ணை ஈரத்திலிருந்தும் ஈயிலிருந்தும் மறைக்கும் பூச்சு; மஞ்சளும் குப்பைமேனியும் பிற கிருமிகளை அடக்குவன. அதாவது மருந்தக மருத்துவம் எதைச் செய்கிறதோ அதையே வேறு பொருள்களால் செய்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் பாலில் கலக்காமை இவற்றின் தனிநலம். ஆயின் வைரசின் பரவலை இவை நிறுத்துவதில்லை. தடுப்பூசிக்கு மாற்றாக இவற்றைக் கூறுவோர் இவற்றை வகுத்தவர்களின் கருத்துக்கும் அப்பால் செல்கின்றனர். தொழுவ வாசலில் வேப்பிலை செருகும் பழைய வழக்கத்துக்குக்கூட ஒரு பயன் உண்டு: உள்ளே நோய் இருக்கிறது, வராதே என்று அயலாருக்கு அது அறிவிக்கிறது.

நோய்க்குப் பின்

வளர்ந்த மாடுகள் கோமாரியால் இறப்பது குறைவு. இறப்பவை கன்றுகள். இளங்கன்றில் வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு கொப்புளமும் தோன்றுவதற்கு முன்பே, பால் குடித்துக்கொண்டிருந்த கன்று சரிந்து விழுந்து இறக்கும். பிரேதப் பரிசோதனையில் இதயத்தில் புலிவரி போன்ற கோடுகள் காணப்படும். தாய் நோயுற்றால் கன்றை உடனே பிரித்து, காய்ச்சி ஆறிய பாலையோ நலமுள்ள பசுவின் பாலையோ புகட்டுவதே அதனைக் காக்கும் வழி. சீம்பால் வழிக் கிடைக்கும் காப்பும் ஊசியாலோ முன்வந்த நோயாலோ எதிர்ப்பாற்றல் பெற்ற தாயிடமிருந்து மட்டுமே வரும்.

தேறிய மாட்டுக்கும் நோய் முற்றாக விடைகொடுப்பதில்லை. சில மாடுகளில் உடல்வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றல் கெட்டு, மயிர் நீண்டு அடர்ந்து, சிறு வெயிலுக்கும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். மடிவீக்கத்தில் ஒரு காம்பு கெட்டிருக்கலாம்; சினை பிடிப்பது தள்ளிப்போகலாம். மதுரையின் சித்திரை வெயிலில் அத்தகைய பசுவை வைத்துப் பால் கறப்பது கட்டுப்படியாகாது என்று உணர்ந்த குடும்பம் அதனை விற்க முடிவு செய்கிறது. கார்த்திகையில் நோயுற்ற பசு சித்திரையில் சந்தைக்கு வருகிறது. குளம்பு ஆறியிருக்கும், வாய் தூய்மையாக இருக்கும், காதில் தோடும் இருக்கும். தொண்டையில் வைரஸ் இருக்கிறதா என்பதைக் கண்டறியும் சோதனை எந்தச் சந்தையின் வாயிலிலும் இல்லை. வாங்கியவர் அதனை உள்ளூரில் தம் பிற மாடுகளோடு அன்று மாலையே சேர்த்துக் கட்டுகிறார். இருபத்தெட்டு நாள் தனித்துக் கட்டி, ஊசிப் பதிவைத் தோட்டு எண்ணால் சரிபார்த்து, தேவையெனில் ஊசி போட்டபின் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஒற்றைத் தொழுவம் உடைய வீட்டில் அவ்விதிக்கு இடம் வேண்டும். ஊர்ப் பொதுநிலத்தில் புதுமாடுகளுக்கென ஒரு கொட்டகையைப் பால் கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ அமைத்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.